இந்தப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில், மாலை ஆறு மணி வாக்கில் லிஃப்ட் கதவு திறக்கும்போது, சில நாட்களில் நான் எழுதிய வாக்கியங்களே எனக்கு எதிரே நடந்து வரும். அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னல் பொது நடைவழியைப் பார்த்து இருக்கிறது. நெத்திலி பொரியும் வாசனையோடு ஒரு பெண் குரல் அதிலிருந்து வெளியே வரும். ஏற்ற இறக்கம் இல்லாத, ஆனால் மிகவும் மரியாதையான குரல். "மழை நின்றபின் விளையாட்டுத் திடலில் சறுக்குமரம் ஈரமாக இருந்தது" என்று அது சொல்லும். எழுதியவள் நான், படிப்பது கைப்பேசி, கேட்பவர் ஜமீலா அக்கா. கேட்டுக்கொண்டே என் நான்கு வயது மகள் யாழினிக்குச் சோறு ஊட்டுவார். நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். நாம் எழுதியது நம்மைக் கேட்காமல் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் இணையதளங்கள் கட்டுகிற வேலை பார்க்கிறேன். வலைப்பதிவு எழுதுவது கல்லூரியிலிருந்து வந்த பழக்கம். படிக்கிறவர்கள் அதிகமில்லை. ஊரில் சில உறவினர்கள், என்னைப்போல வேலைக்காக வெளியே வந்து குழந்தை வளர்க்கிற சில பெண்கள், எப்போதாவது கருத்துப் போடும் முகம் தெரியாதவர்கள். ஜமீலா அக்கா இந்த வரிசையில் தானாக வந்து சேர்ந்தவர். அவர் இங்கேயே பிறந்தவர். தாத்தா நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர், அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அக்கா பள்ளிக்கூட கேன்டீனில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். சைல்ட்கேர் முடிந்ததும் யாழினியை அழைத்து வந்து, நான் வரும்வரை வைத்திருப்பது அவர்தான். யாழினி அவரை 'ஜம்மா' என்று கூப்பிடுகிறாள்.

நான் எழுதுகிறேன் என்று தெரிந்த அன்று, "அத எனக்கு யாரும்மா படிச்சுக் காட்டுவா? எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராதுலா" என்று, இங்குள்ளவர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு சிரித்தார். தமிழ்ப் பள்ளியில் இரண்டே வருடம் படித்திருக்கிறார். பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரமே என் தளத்தில் ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு 'கேட்க' பொத்தான் வைத்தேன். அமுக்கினால் குரல் படிக்கும். அக்காவின் கைப்பேசியில், புதிய பதிவு வந்தால் இரண்டு முறை மணி அடிக்கும்படியும் செய்துகொடுத்தேன். என் தொழிலில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டேன்.

கல்லூரியில் நான் வேறு மாதிரி. விடுதிக்குள் பையன்கள் ஒன்பது மணிக்கு வரலாம், பெண்கள் ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும் என்ற விதியைப் பற்றி வலைப்பதிவில் எழுதினேன். முதல்வர் அப்பாவை வரச்சொன்னார். அப்பா தபால் அலுவலக ஊழியர். விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து, அலுவலகத்துக்குப் போடும் அதே சட்டையில் வந்தார். முதல்வர் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "எழுதினது பொய்யா சார்? பொய்னா சொல்லுங்க, இப்பவே எடுக்கச் சொல்றேன்" என்றார். முதல்வரால் பொய் என்று சொல்ல முடியவில்லை. பதிவு அப்படியே இருந்தது. அதன்பின் இணையச் சுதந்திரம் என்று யார் எங்கே பேசினாலும் என் கண்ணுக்குள் அப்பாவின் அந்தச் சட்டைதான் வரும். எங்கேயோ ஏதோ தளத்தை முடக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் என் வலைப்பதிவின் முகப்பைக் கறுப்பாக்கி வைப்பேன்.

இப்போது அந்தப் பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. என்னிடம் யாரும் எதையும் எழுதாதே என்று சொன்னதில்லை. ஆனால் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருக்கிறோம். எழுதி முடித்ததும் என் கணவர் செந்திலிடம் காட்டுவேன். அவர் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இத அப்புறம் போடலாமே கௌரி" என்பார். அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. வேலையைப் பற்றி, காத்திருப்பதைப் பற்றி, குழந்தையின் காய்ச்சலன்று விடுப்பு கேட்பதைப் பற்றி எழுதியவை எல்லாம் வெளியாகாத பதிவுகளாகக் கிடக்கின்றன. வெளியே போவது சறுக்குமரமும் இட்லி மாவு புளிக்கும் விதமும் மட்டுமே. செந்திலைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே நான் மனதுக்குள் அழித்திருப்பேன்.

இப்படிப் பயந்து பயந்து எழுதுகிறவள், பயப்படாமல் ஒரே ஒரு பதிவு எழுதினேன். அதுவும் ஜமீலா அக்காவைப் பற்றி.

லிட்டில் இந்தியாவுக்கு அக்காவோடு போயிருந்தேன். தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கும்போது, வழக்கம்போல ஒன்றை எடுத்து முறுக்கிப் பார்த்தேன். விலை கேட்டேன். கொஞ்சம் குறைத்துக் கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்வதற்குள் அக்கா உரக்கச் சொன்னார்: "விடுங்க தம்பி, இவங்க ஊர்க்காரங்கலா. முறுக்கிப் பாக்காம வாங்க மாட்டாங்க, பேரம் பேசாமப் போக மாட்டாங்க." கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் இருந்த முருங்கைக்காயை வைப்பதா, எடுப்பதா என்று தெரியவில்லை. வரும் வழியெல்லாம் அக்கா வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே பிறந்தவர்கள் சொல்லும் 'ஊர்க்காரங்க' என்ற அந்த ஒரு சொல்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே மொழி பேசுகிறோம், ஒரே குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம், பிறகு நான் எந்த ஊர்க்காரி?

மறுநாள் அலுவலக மதிய இடைவேளையில் மளமளவென்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோபத்தில் எழுதுகிறவளுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் கல். இரண்டு மாதம் முன்பு நாகப்பட்டினத்து உறவினர் வீட்டுத் திருமணப் பத்திரிகை அக்காவுக்கு வந்திருந்தது. அக்கா அதை என்னிடம் நீட்டி, முதலில் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "யார் யார் பேரு போட்டிருக்காங்கன்னு படி. எங்க அத்தா பேரு இருக்கான்னு பாரு. எனக்கு இந்த எழுத்தெல்லாம் நிக்காம ஓடுது" என்றார். நான் படித்தேன். அவர் அப்பா பெயர் இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து மெல்லத் தடவிப் பார்த்தார். இதை அப்படியே எழுதினேன். பெயர் போடவில்லை. 'தன் அப்பா பெயரையே தமிழில் படிக்கத் தெரியாதவர்கள் எங்களை ஊர்க்காரங்க என்கிறார்கள்' என்று முடித்தேன். வாக்கியம் நன்றாக வந்திருப்பதாக அப்போது தோன்றியது.

செந்திலிடம் காட்டவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்தேன். சனிக்கிழமை காலையில்தான் என் பதிவுகளை அதிகம் பேர் படிப்பார்கள். அதற்குள் இன்னொரு முறை படித்து, அந்தப் பதிவுக்கு மட்டும் மணியையும் 'கேட்க' பொத்தானையும் எடுத்துவிடலாம் என்று திட்டம். அதாவது, ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியாமல் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிடுவது. புதன்கிழமை யாழினிக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை நான் அலுவலகத்தில் இருக்க, அக்காதான் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். என் கோபம் எப்போது இறங்கியது என்று தெரியாது. கோபத்தோடு பதிவையும் மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை அக்கா, "புள்ளைக்குச் சரியாயிருச்சு. நாளைக்கு ஜோகூர் போயிட்டு வரலாம் வா. என் தங்கச்சிக்குக் கொடுக்க ஒரு துணி இருக்கு" என்றார். வேறு நாட்டுக்குப் போகும் பஸ் என்றதும் யாழினி துள்ளினாள். சனிக்கிழமை நால்வரும் கிளம்பினோம். சிங்கப்பூர்ப் பக்கச் சோதனையைத் தாண்டி, மறுபடி பஸ் ஏறி, பாலத்தின் மேல் ஊர்ந்து, மலேசியப் பக்கக் கூடத்தை அடைந்தோம். அங்கே வரிசை பிரிகிறது. சிங்கப்பூர்க் கடப்பிதழை இயந்திரத்தில் வைத்துவிட்டு அக்கா ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார். நாங்கள் இந்தியக் கடப்பிதழோடு நீண்ட வரிசையில் நின்றோம். "நானும் ஜம்மா லைன்ல" என்று யாழினி அழுதாள். சிங்கப்பூரிலேயே பிறந்தவளுக்கு, தன் ஜம்மாவின் வரிசை ஏன் தன் வரிசை இல்லை என்று எப்படிச் சொல்வது? செந்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். கவுன்டர்களுக்கு அப்பால் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அக்கா நின்று கையாட்டினார். பிறகு பையைத் துழாவி, காதில் மாட்டும் வெள்ளைக் கம்பியை எடுத்தார்.

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

பதினொரு மணிக்கு வெளியாகும்படி குறித்து வைத்த பதிவு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'கைப்பேசி பயன்படுத்தக் கூடாது' என்ற அறிவிப்புக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் பைக்குள்ளேயே வைத்துத் திறந்தேன். இணைப்பு இல்லை. ஒரே நாள் பயணத்துக்கு எதற்கு என்று நானும் செந்திலும் ரோமிங் போடாமல் வந்திருந்தோம். பொது வைஃபை குறுஞ்செய்தியில் எண் அனுப்புகிறேன் என்றது. அந்தக் குறுஞ்செய்தி வருவதற்கும் இணைப்பு வேண்டும். "என்னாச்சு? ஏன் இப்படி முழிக்கிற?" என்றார் செந்தில். காதோடு சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "அக்காவப் பத்தியா?" என்று மட்டும் கேட்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

வரிசை நகர்ந்தது, நின்றது. அக்கா தூணில் சாய்ந்து, தலையைக் கொஞ்சம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்கிறாரா, தங்கை பேசுகிறாரா, என் பதிவா? ஒருமுறை நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். சிரித்தார் என்று நினைக்கிறேன். அந்தத் தூரத்தில் முகம் தெரிந்தது, முகத்தில் இருப்பது தெரியவில்லை. யாழினியை வைத்துக்கொள்ள முடியாது என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று முதலில் நினைத்தேன். அப்படி முதலில் நினைத்ததற்காக அடுத்த நிமிடம் என்னையே வெறுத்தேன்.

கவுன்டரில் இருந்த அதிகாரி, வேர்த்து வழிகிற என்னையும் கடப்பிதழையும் மாறி மாறிப் பார்த்து, "ஒய் சோ நெர்வஸ்?" என்றார். நான் சற்றும் யோசிக்காமல், "சாரி சார், ஐ வில் டெலிட் இட்" என்றேன்.

"டெலிட் வாட்?"

கூடத்துக்குள் நான் படம் எடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். காய்ச்சலில் தூங்கும் யாழினி, நெற்றியில் காய்ச்சலுக்கு ஒட்டிய குளிர்ச்சிப் பட்டையோடு யாழினி, அக்கா மடியில் யாழினி. "ஒன்லி பேபி" என்று திருப்பிக் கொடுத்து முத்திரை குத்தினார். செந்தில் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அக்கா எங்களைப் பார்த்ததும் கம்பியைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "என்னம்மா, வரிசையா இது, பெருநாள் கூட்டம்லா. வா, பசிக்குது" என்று யாழினியை வாங்கிக்கொண்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வந்தது. நான் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன். அக்காவின் தங்கை ஜோகூரில் இருப்பதால் அவர் கைப்பேசி இரண்டு பக்கமும் வேலை செய்யும். எங்கள் நால்வரில் இணைப்பு இருந்தது அந்த ஒரு கைப்பேசியில்தான்.

"அக்கா, உங்க போன் ஒரு நிமிஷம் கிடைக்குமா? ஆபீஸ் வேலை ஒண்ணு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினார். "இந்தா. நம்பர் புள்ளைக்குத் தெரியும்." யாழினி நாக்கைத் துருத்திக்கொண்டு நான்கு எண்களை அமுக்கித் திறந்துகொடுத்தாள். மணி அடித்ததற்கான அடையாளம் திரையில் இல்லை. வரவில்லை, கேட்கவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். என் தளத்துக்குள் நுழைந்து பதிவை அழித்தேன். அதற்குள் கீழே இரண்டு கருத்துகள். ஒன்று, 'சரியாகச் சொன்னீர்கள் சகோதரி, இவர்கள் எல்லோருமே இப்படித்தான்.' இவ்வளவு நாளில் யாரும் என்னை இவ்வளவு மனமாரப் பாராட்டியதில்லை. அதையும் அழித்தேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா, "முடிஞ்சுச்சா ஆபீஸ் வேலை?" என்று கேட்டார். "முடிஞ்சுதுக்கா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணினியைத் திறந்தேன். எந்தப் பதிவை எத்தனை பேர் கேட்டார்கள், எங்கிருந்து, எதுவரை என்று என் தளம் கணக்கு வைத்திருக்கும். நான் கட்டியதுதான். அழித்த பதிவுக்கும் அது இருந்தது. கேட்டவர் ஒருவர். இடம் மலேசியா. முதல் முறை, முழுவதும். இரண்டாம் முறை, முழுவதும். இரண்டுமே நான் வரிசையில் நின்ற நேரம்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கைப்பேசியை என் பக்கம் தள்ளியிருக்கிறார்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். லிஃப்ட் கதவு திறந்ததும் அதே குரல் கேட்டது. ஆனால் அது பதிவு இல்லை. இல்லாத பக்கத்தைத் தேடி யாராவது வந்தால் காட்ட, தளம் தொடங்கிய காலத்தில் விளையாட்டாக நான் எழுதி வைத்த இரண்டு வரி. எல்லாப் பக்கத்தையும் போல அதற்கும் 'கேட்க' பொத்தான் இருந்திருக்கிறது. எனக்கே மறந்துவிட்டது. "மன்னிக்கவும். இந்தப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறது" என்று அந்த மரியாதையான குரல் சொன்னது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், "மன்னிக்கவும். இந்தப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறது." நான் அழித்த பதிவின் இணைப்பைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு யாழினி அமுக்கி அமுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன்.

"உள்ள வாங்க" என்றார் அக்கா. இரண்டு வருடமாக என்னை 'நீ' என்று கூப்பிட்டவர். அந்த 'வாங்க' என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது.

"ஊர்க்காரங்கன்னு சொன்னேன். சொன்னதுதான். உங்களுக்கு வலிச்சிருக்கு, எழுதுனீங்க. எழுதலாம். அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? எங்க வாய்ல அப்படியே வந்துரும்லா, நாங்க யோசிக்கிறதில்ல." அடுப்பை அணைத்தார். "ஆனா அந்தப் பத்திரிகை. அத நான் உங்ககிட்ட மட்டும்தான் கொடுத்தேன். என் தங்கச்சிகிட்டகூடக் கொடுக்கல."

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். பெயர் போடவில்லை என்றுகூடச் சொன்னேன், எவ்வளவு அற்பம்.

"பேர் போடலதான். எனக்குத் தெரியுமில்ல, அது நான்னு." பிறகு யாழினியைக் காட்டி, "இன்னைக்கு ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டா. நாளைக்கு எப்பவும்போல நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை.

எழுதினது பொய்யா என்று கேட்ட அப்பாவை அன்று இரவு உணவு சமைக்கும்போது நினைத்துக்கொண்டேன். நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் முதல்வரின் அறையில் என்னைக் காப்பாற்றிய அந்தக் கேள்வி அக்காவின் சமையலறையில் என்னைக் காப்பாற்றவில்லை. உண்மையாக இருந்தால் போதுமா, அது என்னுடைய உண்மையாகவும் இருக்க வேண்டாமா? விடுதி விதியைப் பற்றி எழுதியபோது என்னைவிடப் பெரிய ஒன்றின் முன் நின்றேன். இந்த ஊருக்கு வந்தபின் பெரியது எதைப் பற்றியும் எழுதத் துணிவில்லாமல், சேர்த்து வைத்திருந்த துணிச்சல் முழுவதையும் என் குழந்தையின் நெற்றியைத் துடைத்த ஒருவர் மேல் எறிந்திருக்கிறேன். இதை நினைக்கும்போது வருகிற பயம், நிரந்தரவாசக் கடிதத்தைப் பற்றிய பயத்தைவிட அதிகம்.

அக்கா அதன்பின் என்னிடம் எந்தத் தாளையும் நீட்டவில்லை. போன வாரம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதைக் கைப்பேசியின் கேமராவுக்கு முன்னால் பிடித்து, குரல் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அது பெயர்களைத் தப்பாகப் படித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். திருத்தவில்லை. திருத்தும் உரிமை இப்போது எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

இந்தக் கட்டுரையை யாருக்கும் அனுப்புவதற்கு முன் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து என் குரலில் படித்துக் காட்டினேன். பத்திரிகை வருகிற இடத்தில் நிறுத்தி, "இத எடுத்துடவாக்கா?" என்றேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்ததை உரித்து முடித்துவிட்டு, "இருக்கட்டும். இந்தத் தடவ கேட்டுட்டுத்தானே எழுதுற" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் 'நீ'. வேறு இரண்டு இடங்களில் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். கடைசியில், "ஊர்க்காரங்கன்னு இனிமேலும் சொல்லுவேன். அதையும் எழுதிக்க" என்றார். செந்திலிடம் இன்னும் காட்டவில்லை. 'அப்புறம் போடலாமே' என்று சொல்வாரோ என்ற பயம் இருக்கிறது. சொல்லாமல் போய்விடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

நாங்கள் படித்து முடித்து எழுந்தபோது யாழினி அக்காவின் கைப்பேசியில் மறுபடி அந்த இரண்டு வரியைப் போட்டுவிட்டு, "அம்மா, அந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

"விருதுநகருக்குலா" என்றார் அக்கா. "எங்கயும் போகல, இங்கதான் இருக்கு" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. யாழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அக்கா வீட்டு வாசலில் கிடந்த தன் ஒற்றைச் செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்று எங்கள் வாசலில் கிடக்க, இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டு போனாள்.